ஐந்துக்கு ஐந்து கட்டத்தில் ஒரே ஒரு விளக்கை எரிய வைப்பது எப்படி

மைக்ரோபிட் என்பது கோட் எழுதிப் பழக உதவும் சின்ன மின்னணுப் பலகை, அதன் முகப்பில் ஐந்துக்கு ஐந்து கட்டமாக 25 குட்டி எல்இடி விளக்குகள் இருக்கும். அது கைக்கு வந்ததும் எல்லோரும் முதலில் செய்வது இதயப் படத்தை மின்ன வைப்பதுதான். நானும் அதைத்தான் செய்தேன். மேக்கோட் என்ற தளத்தில் கட்டளைகளை 'பிளாக்' என்ற துண்டுகளாக இழுத்து அடுக்கித்தான் கோட் எழுதுவோம். அதில் 'ஷோ லெட்ஸ்' என்று ஒரு பிளாக் இருக்கிறது, அதை இழுத்துப் போட்டு உள்ளே இருக்கிற 25 கட்டங்களில் வேண்டியதைத் தட்டினால் படம் தயார். மறுநாள் ஒரு புள்ளி இடமிருந்து வலமாக ஓடினால் நன்றாக இருக்குமே என்று தோன்றியது. அதே பிளாக்கை ஐந்து தடவை போட்டு, ஒவ்வொன்றிலும் புள்ளியை ஒரு கட்டம் தள்ளி வைத்தேன். ஓடியது, ரொம்ப சந்தோஷம். அதற்கடுத்து பொத்தானை அழுத்தும்போது மட்டும் ஓட வேண்டும், அப்படியே கீழேயும் இறங்க வேண்டும் என்று ஆசைப்பட்டபோதுதான், இப்படியே போனால் 25 படம் வரைய வேண்டும், எந்தப் படத்துக்குப் பின் எந்தப் படம் என்று வேறு எழுத வேண்டும் என்பது உறைத்தது.

படம் வரைவதை அங்கேயே நிறுத்திவிட்டேன். இந்தக் கட்டத்தில் ஒவ்வொரு விளக்குக்கும் ஒரு விலாசம் இருக்கிறது. விலாசத்தைச் சொல்லி "நீ எரி, நீ அணை" என்று சொல்லப் பழகிவிட்டால் மீதியெல்லாம் கூட்டல் கழித்தல் கணக்குதான். இதுவரை ஒரு வரி கோட் கூட எழுதாதவர்களை மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன்.

தொடங்கும் முன்

பலகை இல்லாதவர்களும் தொடங்கலாம். மேக்கோட் பிரவுசரிலேயே ஓடும், திரையின் இடப்பக்கம் ஒரு சிமுலேட்டர் இருக்கும், அதில் விளக்குகள் நிஜப் பலகையில் எரிவது போலவே எரியும். கையில் பலகை இருந்தால் யூஎஸ்பி கேபிளில் கணினியோடு இணையுங்கள். பென்டிரைவ் செருகினால் வருவது போல மைக்ரோபிட் என்ற பெயரில் ஒரு டிரைவ் வரும், மேக்கோடிலிருந்து டவுன்லோட் செய்த ஹெக்ஸ் ஃபைலை (நாம் எழுதியது பலகைக்குப் புரியும் வடிவில் இருக்கும் ஃபைல்) அதற்குள் இழுத்துப் போட்டால் வேலை முடிந்தது. குரோம் அல்லது எட்ஜ் பிரவுசர் என்றால் நேரடியாக இணைத்துவிட்டு டவுன்லோட் பொத்தானை அழுத்தினாலே போதும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. பலகையில் விளக்கு எரிகிறது, ஆனால் கணினியில் டிரைவ் வரவில்லை என்றால் முதலில் கேபிளைச் சந்தேகப்படுங்கள். சார்ஜ் ஏற்ற மட்டுமே ஆகிற கேபிள்கள் உண்டு, அவற்றில் மின்சாரம் போகும், தகவல் போகாது. எனக்கு இதில் ஒரு மதியம் முழுக்கப் போனது. பலகை பழுது என்றே முடிவு கட்டிவிட்டேன், கடைசியில் வேறு கேபிள் மாற்றிய மறுநொடி டிரைவ் வந்து நின்றது.

விலாசம்

தியேட்டரில் சீட் தேடுவது போலத்தான், எந்த வரிசை, அதில் எத்தனையாவது இருக்கை என்று இரண்டு விஷயம் தெரிந்தால் இடம் தெரிந்துவிடும். இங்கே எக்ஸ் என்பது இடமிருந்து எத்தனை தள்ளி, ஒய் என்பது மேலிருந்து எத்தனை இறங்கி. புதிதாக வருகிறவர்கள் தடுக்கி விழும் இடம் இரண்டு.

எண்ணிக்கை பூஜ்யத்தில் தொடங்குகிறது. ஐந்து விளக்கு என்றால் 0, 1, 2, 3, 4. ஐந்து என்ற எண்ணே கிடையாது. நடுவிளக்கு 3 அல்ல, 2. இடப்பக்க மேல் மூலை (0, 0), வலப்பக்கக் கீழ் மூலை (4, 4), நட்டநடு (2, 2).

அடுத்தது, ஒய் கீழ்நோக்கி வளர்கிறது. கணக்குப் பாடத்தில் வரைபடத்தாளில் ஒய் மேலே போகும், இங்கே நேர் எதிர். மேலே ஏற வேண்டுமென்றால் ஒய்யைக் குறைக்க வேண்டும். கணினித் திரைகளில் பெரும்பாலும் இதுதான் வழக்கம், ஆனால் முதல் வாரம் முழுக்க நான் தலைகீழாகவே எழுதிக்கொண்டிருந்தேன்.

சரி, சோதித்துப் பார்க்கலாம். மேக்கோடில் 'லெட்' என்ற பிரிவைத் திறந்தால் 'ப்ளாட்' என்ற பிளாக் கிடைக்கும். அதை, தொடக்கத்தில் ஒரே ஒரு தடவை ஓடும் 'ஆன் ஸ்டார்ட்' உள்ளே நாலு தடவை போடுங்கள்:

ப்ளாட் எக்ஸ் 0 ஒய் 0
ப்ளாட் எக்ஸ் 4 ஒய் 0
ப்ளாட் எக்ஸ் 0 ஒய் 4
ப்ளாட் எக்ஸ் 4 ஒய் 4

நாலு மூலையும் எரிய வேண்டும். இப்போது ஒரு 4-ஐ 5 என்று மாற்றிப் பாருங்கள். எந்தப் புகாரும் வராது, அந்த விளக்கு மட்டும் எரியாது. இல்லாத விலாசத்துக்குப் போன கடிதம் மாதிரி சத்தமில்லாமல் காணாமல் போகும். "புள்ளி மறைந்துவிட்டது" என்று யாராவது சொன்னால் பத்தில் எட்டு தடவை இதுதான் காரணம் என்று நான் முதலில் நினைத்துக்கொள்வேன்.

எரிய வைப்பது, அணைப்பது, மின்ன வைப்பது

எரிய வைக்க ப்ளாட், அணைக்க 'அன்ப்ளாட்', எரிந்தால் அணைக்கவும் அணைந்திருந்தால் ஏற்றவும் 'டாகிள்'. இந்த மூன்றும் அந்த ஒரு விளக்கை மட்டும் தொடும், மற்ற 24-ம் இருந்தபடி இருக்கும். ஷோ லெட்ஸ் அப்படியில்லை, மொத்தத் திரையையும் மாற்றிவிட்டு, போதாக்குறைக்கு 400 மில்லிசெகண்ட் அங்கேயே நின்றுவிட்டுத்தான் அடுத்த வரிக்கு வரும். "என் அனிமேஷன் ஏன் இவ்வளவு மெதுவாக ஓடுகிறது" என்ற கேள்விக்குப் பதில் பெரும்பாலும் அங்கே இருக்கிறது. ப்ளாட் எதற்கும் நிற்காது.

மின்ன வைக்க, திரும்பத் திரும்ப ஓடிக்கொண்டே இருக்கும் 'ஃபார்எவர்' உள்ளே இப்படிப் போடத் தோன்றும்:

ப்ளாட் எக்ஸ் 2 ஒய் 2
பாஸ் 500
அன்ப்ளாட் எக்ஸ் 2 ஒய் 2

ஓட்டிப் பார்த்தால் மின்னாது. விளக்கு எரிந்துகொண்டே இருப்பது போலத்தான் தெரியும். ஏனென்றால் அணைத்த கையோடு ஃபார்எவர் மேலே போய் மறுபடி ஏற்றிவிடுகிறது, அணைந்திருந்த அந்தத் துளி நேரம் கண்ணுக்குச் சிக்குவதில்லை. அணைத்த பின்னும் ஒரு பாஸ் 500 வேண்டும். பாஸ் என்பதில் வரும் எண் மில்லிசெகண்ட், 1000 என்றால் ஒரு நொடி. டாகிள் போட்டால் இந்தச் சிக்கலே இல்லை, ஒரு டாகிள், ஒரு பாஸ், அவ்வளவுதான்.

டாகிளை வைத்து எனக்குப் பிடித்த இரண்டு வரி வித்தை ஒன்று உண்டு. ஃபார்எவர் உள்ளே டாகிள் போட்டு, எக்ஸ் இடத்திலும் ஒய் இடத்திலும் 'பிக் ரேண்டம் 0 டு 4' என்ற பிளாக்கைச் செருகி, கீழே பாஸ் 50 வையுங்கள். கட்டம் முழுக்க விளக்குகள் கண் சிமிட்ட ஆரம்பிக்கும். கொஞ்ச நேரத்தில் கிட்டத்தட்ட பாதி விளக்குகள் எப்போதும் எரிந்தபடி இருப்பதைக் கவனிக்கலாம், ஏன் பாதி என்று யோசித்துப் பாருங்கள், நல்ல கணக்கு அது.

புள்ளியை ஓட விடுவது

விலாசம் என்ற எண்ணத்தின் முழுப் பலன் இங்கேதான் தெரியும். 'வேரியபிள்ஸ்' பிரிவில் போய் எக்ஸ் என்ற பெயரில் ஒரு மாறியை உருவாக்குங்கள். மாறி என்றால் ஒரு எண்ணைப் போட்டு வைக்கிற டப்பா, எப்போது வேண்டுமானாலும் உள்ளே இருக்கும் எண்ணை மாற்றிக்கொள்ளலாம். ஆன் ஸ்டார்ட்டில் எக்ஸ் மதிப்பை 0 ஆக்கி, ப்ளாட் எக்ஸ், ஒய் 2 என்று எழுதுங்கள். ப்ளாட் பிளாக்கில் எண் இருந்த இடத்தில் இந்த மாறியைக் கொண்டுபோய் வைக்க வேண்டும். அடுத்து, பி பொத்தானை அழுத்தினால் என்ன நடக்க வேண்டும் என்று அதற்கான பிளாக்கில்:

அன்ப்ளாட் எக்ஸ், ஒய் 2
எக்ஸை 1 கூட்டு
ப்ளாட் எக்ஸ், ஒய் 2

வரிசை முக்கியம். முதலில் பழைய இடத்தை அணை, அப்புறம் எண்ணை மாற்று, அதன் பிறகு புதிய இடத்தை ஏற்று. எண்ணை முதலில் மாற்றிவிட்டால் பழைய விலாசம் மறந்து போய்விடும், யாரை அணைப்பது என்றே தெரியாது, புள்ளிக்குப் பின்னால் நீளமாக வால் முளைக்கும். சில நேரம் அந்த வால்தான் வேண்டும் என்றால் அணைக்கிற வரியை எடுத்துவிடலாம், அது வேறு விஷயம்.

ஐந்தாவது தடவை பி அழுத்தும்போது புள்ளி காணாமல் போகும், எக்ஸ் 5 ஆகிவிட்டது. ஓரத்தைத் தாண்டியதும் மறுபக்கத்தில் வந்து நிற்க வேண்டும் என்றால் வகுத்தால் வரும் மீதியைப் பயன்படுத்த வேண்டும். கணக்குப் பிரிவில் 'ரிமைண்டர்' என்றே ஒரு பிளாக் உண்டு. எக்ஸுடன் ஒன்றைக் கூட்டி, ஐந்தால் வகுத்து வரும் மீதியை மறுபடி எக்ஸில் போடுங்கள். 4-உடன் 1 கூட்டினால் 5, ஐந்தை ஐந்தால் வகுத்தால் மீதி 0. புள்ளி முதல் கட்டத்துக்கு வந்துவிடும்.

ஏ பொத்தானுக்கு இடப்பக்கம் நகர்த்த, ஒன்றைக் கழித்து மீதி எடுத்தால் சரியாக வரும் என்று நினைப்போம். வராது. எக்ஸ் 0 ஆக இருக்கும்போது ஒன்றைக் கழித்தால் -1, மேக்கோடில் அதை ஐந்தால் வகுத்த மீதியும் -1 என்றே வரும், புள்ளி மறுபடி காணாமல் போகும். வேடிக்கை என்னவென்றால் எழுத்தாகவே கோட் எழுதும் பைத்தான் மொழியில் இதே கணக்குக்கு 4 என்று சரியான விடை வரும். இரண்டிலும் ஒரே மாதிரி ஓட வேண்டுமென்றால் ஒன்றைக் கழிப்பதற்குப் பதில் நாலைக் கூட்டுங்கள். ஐந்து கட்ட வட்டத்தில் ஒரு அடி பின்னால் போவதும் நாலு அடி முன்னால் போவதும் ஒரே இடத்தில்தான் கொண்டு விடும்.

கூடவே 'பாயின்ட்' என்ற பிளாக்கையும் அறிந்து வையுங்கள். அது எதையும் ஏற்றாது, அணைக்காது, "இந்த விலாசத்தில் விளக்கு எரிகிறதா" என்று கேட்டு ஆம், இல்லை என்று பதில் மட்டும் தரும். ஆரம்பத்தில் இங்கொன்றும் அங்கொன்றுமாக நாலைந்து விளக்குகளை ஏற்றி வைத்து, புள்ளி நகரும் முன் அடுத்த விலாசம் ஏற்கெனவே எரிகிறதா என்று கேட்டு, எரிந்தால் நகராமல் விட்டால் சுவர் தயார். குட்டி விளையாட்டுகளில் பாதி இந்த ஒரு கேள்வியில்தான் நடக்கிறது.

லூப் போட்டு மொத்தமாக

ஒரு வரிசை முழுக்க ஏற்ற ஐந்து ப்ளாட் போட வேண்டியதில்லை. லூப் என்றால் உள்ளே இருப்பதைத் திரும்பத் திரும்ப ஓட்டுவது. 'ஃபார் இன்டெக்ஸ் 0 டு 4' என்ற லூப்பில் இன்டெக்ஸ் என்ற மாறி 0, 1, 2, 3, 4 என்று மாறிக்கொண்டே போகும், அதற்குள் ப்ளாட் எக்ஸ் இன்டெக்ஸ், ஒய் 2 என்று ஒரே ஒன்று போதும். நடுவில் பாஸ் 100 வைத்தால் ஒவ்வொன்றாக ஏறும். எக்ஸ், ஒய் இரண்டிலும் இன்டெக்ஸை வைத்தால் குறுக்குக்கோடு. ஒய் இடத்தில் 4 கழித்தல் இன்டெக்ஸ் என்று வைத்தால் எதிர்க் குறுக்குக்கோடு. இரண்டையும் சேர்த்தால் பெருக்கல் குறி.

25-ஐயும் ஏற்ற லூப்புக்குள் லூப். இங்கே ஒரு பொறி உண்டு, இரண்டாவது லூப்பை இழுத்துப் போடும்போது அதன் மாறிக்கும் இன்டெக்ஸ் என்ற அதே பெயர்தான் இருக்கும். அப்படியே விட்டால் எத்தனை தடவை ஓட்டினாலும் குறுக்குக்கோடு மட்டும்தான் வரும். உள் லூப்பின் மாறிக்கு வேறு பெயர் வையுங்கள், ஒன்றுக்கு வரிசை, இன்னொன்றுக்கு நிரல் என்று வைத்தாலும் சரி.

லூப்புக்குள் லூப் குழப்பமாக இருந்தால் இன்னொரு வழி இருக்கிறது. விளக்குகளுக்கு 0 முதல் 24 வரை ஒரே ஓட்டமாக எண் கொடுங்கள். எண்ணை ஐந்தால் வகுத்தால் ஈவு ஒய், மீதி எக்ஸ். 17-ஆவது எண் என்றால் ஈவு 3, மீதி 2, ஆக விலாசம் (2, 3). வகுத்தலில் தசமம் வரும் என்பதால் ஈவை எடுக்க, தசமத்தை வெட்டிவிடும் 'ட்ரங்கேட்' பிளாக்கைச் சுற்றிப் போடுங்கள். இந்தக் கணக்கு பின்னால் பெரிய கட்டங்களுக்குப் போகும்போது அப்படியே உதவும்.

பிரகாசம்

விளக்கு என்றால் எரிகிறது, அணைகிறது என்ற இரண்டு நிலை மட்டும் அல்ல. ப்ளாட் பிளாக்கின் அண்ணன் ஒன்று லெட் பிரிவில் 'மோர்' என்பதற்குள் ஒளிந்திருக்கிறது, அதில் எக்ஸ், ஒய் உடன் பிரகாசம் என்று மூன்றாவது எண்ணும் கேட்கும், 0 முதல் 255 வரை. 128 கொடுத்தால் பாதி வெளிச்சம் என்று எதிர்பார்க்காதீர்கள், கண்ணுக்கு அது கிட்டத்தட்ட முழு வெளிச்சம் போலத்தான் இருக்கும். நம் கண் மங்கலான ஒளியில்தான் சின்ன வித்தியாசத்தையும் பிடிக்கிறது, 5-க்கும் 30-க்கும் உள்ள வேறுபாடு பளிச்சென்று தெரியும், 200-க்கும் 255-க்கும் தேடித்தான் பார்க்க வேண்டும். படிப்படியாக மங்க வேண்டுமானால் 255, 60, 10 என்று எடுத்துக்கொள்ளுங்கள், 255, 170, 85 அல்ல.

ஓடும் புள்ளிக்கு வால்நட்சத்திரம் போல வால் வைப்பதற்கு இதுவே போதும். எக்ஸ் இடத்தில் 255, அதற்கு முந்தைய கட்டத்தில் 60, அதற்கும் முந்தையதில் 10, அதற்கு அடுத்ததை அணை. முந்தைய கட்டம் என்பதற்கு நாலைக் கூட்டி மீதி எடுக்க வேண்டும் என்று பார்த்தோமே, அதற்கு முந்தையதற்கு மூன்று, அணைக்க வேண்டியதற்கு இரண்டு. பாஸ் 120 வைத்துப் பாருங்கள், இவ்வளவு சின்னப் பலகையில் இவ்வளவு அழகா என்று தோன்றும்.

சாய்த்தால் உருளும் புள்ளி

பலகையில் முடுக்கமானி, அதாவது பலகை எந்தப் பக்கம் எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று சொல்லும் சென்சார் இருக்கிறது. சமமாக வைத்தால் எக்ஸ் திசையில் கிட்டத்தட்ட 0 காட்டும், ஒரு பக்கம் முழுக்கச் சாய்த்தால் 1023 பக்கம் போகும், மறுபக்கம் -1023. 'மேப்' என்ற பிளாக் ஒரு அளவுகோலை இன்னொரு அளவுகோலாக மாற்றித் தரும், -1023 முதல் 1023 வரை இருப்பதை 0 முதல் 4 ஆக்கச் சொல்லுங்கள். ஒய்க்கும் அதே. ஃபார்எவர் உள்ளே திரையைத் துடைத்துவிட்டு அந்த விலாசத்தில் ப்ளாட்.

இதைச் செய்தால் ஓடும், ஆனால் 4 என்ற எண்ணுள்ள ஓரத்துக் கட்டத்துக்குப் போவதே அரிது. காரணம், 4 என்ற முழு எண் கிடைக்கப் பலகையைச் செங்குத்தாக நிறுத்த வேண்டும், அதற்குக் கொஞ்சம் குறைந்தாலும் 3.9, தசமத்தை வெட்டினால் 3. ஆகவே 'ரவுண்ட்' பிளாக் போட்டுக் கிட்டத்திலுள்ள முழு எண்ணாக்குங்கள். எனக்குப் பிடித்தது இன்னும் ஒரு படி மேலே, 1023-க்குப் பதில் 500 என்று வைப்பது, லேசாகச் சாய்த்தாலே புள்ளி ஓரத்துக்கு ஓடும். அப்படி வைத்தால் அதிகம் சாய்க்கும்போது எண் 4-ஐத் தாண்டும், அதனால் 'கன்ஸ்ட்ரெய்ன்' பிளாக்கில் 0-க்கும் 4-க்கும் நடுவே அடைத்து வையுங்கள். புள்ளி எதிர்த்திசையில் உருள வேண்டுமென்றால் மேப்பில் 0, 4 இரண்டையும் இடம் மாற்றிவிடுங்கள், ரசமட்டக் குமிழி போல மேல்நோக்கி ஓடும்.

உள்ளே என்ன நடக்கிறது

25 விளக்குக்கு 25 கம்பி கிடையாது. 2020-இல் வந்த இரண்டாம் பதிப்பில் ஐந்து வரிசைக் கம்பி, ஐந்து நெடுக்குக் கம்பி, மொத்தம் பத்துதான். ஒரு நேரத்தில் ஒரு வரிசையை மட்டும் ஏற்றி, அணைத்து, அடுத்த வரிசைக்குத் தாவி, இதை மிக வேகமாகத் திரும்பத் திரும்பச் செய்கிறது. நம் கண்ணுக்கு எல்லாம் ஒன்றாக எரிவது போலத் தெரிகிறது, கேமராவுக்குத் தெரிவதில்லை. வீடியோ எடுக்கும்போது கட்டத்தில் சில வரிசைகள் இருண்டோ மினுங்கியோ வந்தால் பலகை கெட்டுவிட்டது என்று பயப்பட வேண்டாம். முதல் பதிப்பில் உள்ளே கம்பிகள் 3-க்கு 9 என்ற கணக்கில் போயிருந்தன, ஆனாலும் விலாசம் மாறவில்லை, அதை நாம் கவனிக்கவே வேண்டியதில்லை.

கவனிக்க வேண்டியது வேறொன்று. பலகையின் விளிம்பில் வெளிக் கருவிகளை மாட்டுவதற்கான உலோக முனைகளுக்குப் பின் (pin) என்று பெயர். அவற்றில் 3, 4, 6, 7, 10 எண் பின்களை இந்தக் கட்டமும் பங்கு போட்டுக்கொள்கிறது. அந்த பின்களில் ஏதாவது சென்சாரை மாட்டினால் இரண்டும் ஒன்றையொன்று குழப்பும். முடிந்தவரை 0, 1, 2 பின்களைப் பயன்படுத்துங்கள், வேறு வழியே இல்லையென்றால் 'லெட் எனேபிள்' பிளாக்கில் ஃபால்ஸ் கொடுத்துக் கட்டத்தை நிறுத்திவிடலாம்.

பைத்தானுக்கு மாறுகிறவர்களுக்கு இரண்டே வரி. மைக்ரோபிட்டில் ஓடும் பைத்தானான மைக்ரோபைத்தானில் ப்ளாட், அன்ப்ளாட் எல்லாம் கிடையாது, செட் பிக்செல் என்ற ஒரே கட்டளைதான், எக்ஸ், ஒய், பிரகாசம் என்ற வரிசையில் மூன்று எண் கொடுக்க வேண்டும், பிரகாசம் 0 முதல் 9 வரை, 0 கொடுத்தால் அணையும். இல்லாத விலாசம் கொடுத்தால் இங்கே சத்தமில்லாமல் விடாது, புரோகிராம் அங்கேயே நின்று தவறு என்ன என்பதைப் பலகையிலேயே எழுத்தாக ஓட்டிக் காட்டும்.

பெரிய கட்டத்துக்குப் போனால்

ஐந்துக்கு ஐந்து சலித்துப் போனதும் பலரும் 8-க்கு 8 வண்ணக் கட்டத்துக்குத் தாவுவார்கள், நியோபிக்செல் என்று சொல்கிற டபிள்யூஎஸ்2812 வகை. அங்கே எக்ஸ், ஒய் எதுவும் கிடையாது, எல்லா விளக்கும் ஒரே நீளச் சங்கிலி, 0 முதல் 63 வரை. ஒய்யை எட்டால் பெருக்கி எக்ஸைக் கூட்டினால் எண் வந்துவிடும் என்று நம்பி எழுதினால் சில கட்டங்களில் சரியாக வரும், சிலவற்றில் ஒன்றுவிட்டு ஒரு வரிசை தலைகீழாக வரும். அந்த வகைக் கட்டங்களில் சங்கிலி பாம்பு போல வளைந்து வளைந்து போகிறது, முதல் வரிசை இடமிருந்து வலம், அடுத்தது வலமிருந்து இடம். ஒய் ஒற்றைப்படையாக இருக்கும் வரிசைகளுக்கு மட்டும் எக்ஸுக்குப் பதில் 7 கழித்தல் எக்ஸ் என்று கூட்டுங்கள். உங்கள் கட்டம் எந்த வகை என்று தெரிய, 0 முதல் 63 வரை ஒவ்வொன்றாக ஏற்றி, புள்ளி எந்த வழியில் ஓடுகிறது என்று பத்து நொடி பார்த்தால் போதும்.

மின்சாரத்தை மட்டும் விளையாட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒரு விளக்கு முழு வெள்ளையில் சுமார் 60 மில்லிஆம்பியர் வரை இழுக்கும், 64-ம் சேர்ந்தால் கிட்டத்தட்ட 3.8 ஆம்பியர். மைக்ரோபிட்டின் சின்ன பின் (pin) ஒன்றால் அதற்கு அருகில்கூட வர முடியாது. தனியாக 5 வோல்ட் சப்ளை கொடுத்து, அதன் கிரவுண்டையும் (ஜிஎன்டி என்று குறித்திருக்கும் முனை) பலகையின் கிரவுண்டையும் சேர்த்து இணையுங்கள், பிரகாசத்தை 20 அளவில் வைத்துத் தொடங்குங்கள். 20-லேயே கண் கூசும், பார்த்துக்கொள்ளுங்கள்.